பூட்டன் பறங்கியாம், பாஸ்போட் வருமாம்!

சொல்லிச் சொல்லியே வாய் நொந்துபோச்சு. இனிச் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அப்பப்பாவின் அப்பா பறங்கி என்று ஆரோ சொன்னதை வைத்து வன்னியில் இருக்கிற உங்களுக்கு எந்த ஐரோப்பிய நாடும் குடியுரிமை தரப்போவதில்லை. அதற்கு ‘ஃபைல் திறக்க’ என்று ரெண்டு லட்சம் கேட்கிறவன் கள்ளன். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவோடு விட எனக்கு மனம் ஆறவில்லை.

கிளிநொச்சியில் கண்டி வீதிக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, டைப்பிங், ஸ்கானிங், லமினேட்டிங். கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போகிற சனம், பாஸ்போட் அலுவலாக வவுனியாவுக்கு ஓடுகிற சனம், காணிப் பேப்பரோடு அலைகிற சனம் எல்லாம் வந்து போகிற இடம். ஊரில் என்ன காய்ச்சல் பரவுகிறது என்று ஆஸ்பத்திரிக்கு முந்தி எனக்குத் தெரிந்துவிடும். ஒரு காலம் முழுக்க ஒஸ்ரேலியாப் படகுக் கதை. 2022 நவம்பரில் கனடா என்று சொல்லிக் கப்பலில் ஏற்றப்பட்ட 303 பேர் வியட்நாமில் கரை சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். பிறகு ரஷ்யா வழியாக ஐரோப்பா என்று கூட்டிக்கொண்டு போய்ப் பொடியளைப் போர்முனையில் இறக்கிவிட்ட கதை. இவ்வளவுக்கும் பிறகு சனம் கள்ளவழி என்றால் பயப்படத் தொடங்கிவிட்டது. ஏஜென்சிக்காரன் விடுவானா? இப்போது சட்டவழியை விற்கிறான். ‘பரம்பரைக் குடியுரிமை.’ கேட்கவே எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள்!

வீடியோ ஒன்று ஓடித் திரிகிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் காருக்குள் இருந்து பேசுகிறார். “உங்கட தாத்தா பூட்டன் ஆர் எண்டு மட்டும் தேடுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்.” இதை லண்டனில் இருக்கிற மாமா தங்கச்சியின் மகனுக்கு அனுப்புவார், அவன் நண்பனுக்கு அனுப்புவான், அடுத்த நாள் காலமை அந்த நண்பனின் அம்மா என் கடை வாசலில். “தம்பி, எங்கட அப்பப்பாவின்ர தகப்பன் பறங்கியாம். போத்துக்கல் பாஸ்போட் எடுக்கலாமாம். இந்த ஃபோமை ஒருக்கா நிரப்பித் தாங்கோவன்.” அனுப்பின மாமாவுக்கு அதோடு அலுவல் முடிந்தது. அவர் ஒரு சதமும் கட்டப்போவதில்லை.

எரிச்சல் என்னவென்றால், அந்த வீடியோவில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்து மண்ணில் பிறந்திருந்தால் பேரப்பிள்ளை வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்து ஐரிஷ் குடிமகனாகலாம். உண்மை. இத்தாலியில் தலைமுறைக் கணக்கே இல்லாமல் இருந்தது. ஆர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் இருக்கிறவர்கள் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துப் பாஸ்போட் வாங்கினார்கள். உண்மை. அந்த இத்தாலியே 2025 மார்ச்சில் அவசரச் சட்டம் போட்டு, மே மாதம் அதைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றி, தாய் தகப்பன், தாத்தா பாட்டி என்ற அளவோடு மறித்துவிட்டது. கண்ணாடிக்காரர் இதைச் சொன்னாரா? சொல்லவில்லை. இத்தாலிக்காரனே தன்னுடைய சொந்தக்காரனுக்குக் கதவைப் பாதி சாத்திவிட்டான், இவர் கனகராயன்குளத்தில் நிற்கிறவனுக்குத் திறந்துவிடப் போகிறாராம்.

இந்தச் சட்டமெல்லாம் பஞ்சத்திலும் சண்டையிலும் ஐரோப்பாவை விட்டுக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளுக்காக வந்தவை. எங்களுக்கும் அதற்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

போர்த்துக்கல் கதைக்கு வருவோம். மன்னார்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெயரில் ‘த குரூஸ்’ இருக்கிறது. பெயரே சாட்சி என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். அட விசரா! போர்த்துக்கேயர் மன்னாரில் 1560 இல் கோட்டை கட்டினவர்கள். கரையோரம் முழுக்க ஞானஸ்நானம் கொடுத்த பாதிரிமார் குரூஸ், பர்னாந்து, பீரிஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். பெயர் வந்தது கோயில் தொட்டியடியில், லிஸ்பனில் இல்லை. யாழ்ப்பாணத்தை அவர்கள் ஆண்டது 1619 முதல் 1658 வரை. அந்தக் காலத்து ஒருத்தனைப் பூட்டன் என்று சொல்லி அவனுடைய பிறப்புச் சான்றிதழை எந்தக் கச்சேரியில் எடுப்பீர்கள்? போர்த்துக்கல் சட்டம் கேட்பது தாயையோ தகப்பனையோ, மிஞ்சினால் தாத்தா பாட்டியை. அதுவும் அவர்கள் போர்த்துக்கல் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும்.

“அப்ப கோவாக்காரர் எடுக்கினம்தானே?” என்று அந்த வீட்டுப் பொடியன் கேட்டான். நல்ல கேள்வி. எடுக்கிறார்கள்தான். ஏனென்றால் கோவா 1961 டிசம்பர் வரை போர்த்துக்கலின் கையில் இருந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பெயர் போர்த்துக்கேயப் பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளையும் பேரப்பிள்ளையும் அதைக் காட்டி எடுக்கிறார்கள். எங்களிடமிருந்து போர்த்துக்கேயன் போனது அதற்கு முன்னூறு வருடத்துக்கு முந்தி. இதை விளங்கப்படுத்தி முடிக்க, அந்த அம்மா கடைசியாகச் சொன்னது: “இல்லைத் தம்பி, அவர் வேற வழி இருக்கெண்டவர்.” என்ன வழியம்மா? லட்சம் லட்சமாகக் கட்டுகிற வழிதான்!

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது இது இல்லை. மலையாளபுரத்திலிருந்து ஒரு பாட்டியைப் பேரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். 1977 கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். பாட்டியின் தகப்பன் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று தோட்டம் முழுக்கத் தெரியுமாம். அதை எங்கேயோ கேள்விப்பட்ட ஏஜென்சிக்காரன் வீட்டுக்கே போயிருக்கிறான். பிரித்தானியப் பரம்பரை விசா, அதில் போனால் நேரே குடியுரிமை, பிறகு ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம் என்று அளந்திருக்கிறான். பிரித்தானியா 2020 இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே போய்விட்டது, அது ஒன்று. அந்த விசா குடியுரிமை இல்லை, 5 வருடம் வேலை செய்து இருக்க விடுகிற விசா, அது இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, தாத்தாவோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருக்க வேண்டும். பாட்டியின் தகப்பன் பேரனுக்குப் பூட்டன். கணக்கு அங்கேயே முடிந்தது. அந்தத் துரையின் பெயர் எந்தப் பேப்பரிலும் இல்லை என்பது வேறு கதை. அப்படிப் பிறந்த பிள்ளைகளின் பதிவில் தகப்பன் பெயர் எழுத எந்தத் துரை விட்டான்?

பாட்டி ஒரு சொப்பிங் பையை அவிழ்த்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் நாலாக மடித்து, மடிப்பில் வெடித்து, ஸெலோடேப் ஒட்டின ஒரு பத்திரம். இலங்கைக் குடியுரிமை கிடைத்த பத்திரம். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு எடுத்தது. இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து கொழுந்து பறித்தவர்!

இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். 1948 இல் இந்த நாடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டமும் பரம்பரையைத்தான் கேட்டது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் தகப்பன்வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு ஆர் பிறப்புப் பதிந்து கொடுத்தது? அப்போது இந்திய வழிவந்த தோட்டச் சனம் ஏழு லட்சம் அளவில் நாடில்லாமல் நின்றது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இருந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். தாத்தாவின் பேப்பர் இல்லை என்று நாடு பறிபோன குடும்பத்திடமே போய், தாத்தாவின் பேப்பரால் நாடு எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறானே, நாசமாய்ப் போவான்! பாட்டி சிரித்துக்கொண்டு சொன்னார்: “இந்த நாட்டு பேப்பர் எடுக்கவே எங்க காலம் போயிருச்சி தம்பி. இப்ப இன்னொரு நாட்டு பேப்பரா?” பேரனுக்குச் சிரிப்பு வரவில்லை. முற்பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று.

பேப்பர் என்றதும் எங்கள் பேப்பர்களின் கோலத்தையும் சொல்ல வேண்டும். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஓடின சனத்தில் எத்தனை பேர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்? பங்கருக்குள் நனைந்தது, கூடாரத்தோடு எரிந்தது, ஓடுகிற அவசரத்தில் போட்டுவிட்டு வந்தது. பிறகு எடுத்தது பிரதி, அதுவும் கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு மூலப்பத்திரத்தையும் பத்திரமாக வைக்கிறோம் என்று லமினேட் பண்ணிவிடுகிறார்கள். எனக்கு அது தொழில்தான், ஆனால் நானே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், மூலத்தை லமினேட் பண்ணாதீர்கள். உறுதிப்படுத்தப் போனால் முத்திரை குத்த இடமில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

அப்புறம் பெயர். அப்பாவின் பெயர் எங்களுக்கு முதலெழுத்து, அங்கே அது குடும்பப் பெயர். தாத்தாவுக்கு ஒரு குடும்பப் பெயர், அப்பாவுக்கு இன்னொன்று, மகனுக்கு வேறொன்று. மூன்று தலைமுறையை ஒரே கோட்டில் காட்டு என்றால் மூன்று அந்நியர் வரிசையில் நிற்பது போலத்தான் இருக்கும். போதாததற்கு, 90களில் போனவர்களில் எத்தனை பேர் சொந்தப் பெயரில் போனார்கள்? ஏஜென்ட் தந்த பெயர், அகதி வழக்கில் சொன்ன பிறந்த திகதி. அந்தப் பெயரிலேயே வழக்கு ஏற்கப்பட்டு, அந்தப் பெயரிலேயே பாஸ்போட்டும் வந்துவிட்டது. இங்கே மகனுடைய பத்திரத்தில் இருக்கிற தகப்பன் வேறு ஆள்.

இப்படி ஒரு பொடியன் வந்தான், இருபத்தாறு வயது இருக்கும். தகப்பன் பிரான்ஸில், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தபோது இவன் இங்கே பாடசாலைப் பிள்ளை. “அப்பா பிரெஞ்ச் எண்டா நானும் பிரெஞ்ச்தானே அண்ணை?” இல்லையடா தம்பி. நீ பிறந்தபோது அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை. அவர் குடியுரிமை எடுக்கிற நேரம் நீ சின்னப் பிள்ளையாய் அவரோடு ஒரே வீட்டில் இருந்து, உன் பெயரும் அந்த ஆணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரம் போனது போனதுதான். ஏஜென்சிக்காரன் மட்டும் இன்னும் “அப்பீல் பண்ணலாம்” என்கிறான். இல்லாத வழக்குக்கு என்ன அப்பீல்?

சரி, வன்னியில் உண்மையான உரிமை ஒருத்தருக்கும் இல்லையா? இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். சுவிஸ் குடியுரிமை எடுத்தபிறகு ஊருக்கு வந்து முறைப்படி கலியாணம் முடித்தவனுக்குப் பிறக்கிற பிள்ளை, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சுவிஸ் பிள்ளை. எந்த ஏஜென்சியும் தேவையில்லை. தூதரகத்தில் பதிந்தால் சரி. ஆனால் இலங்கைக் குடியுரிமையும் இருக்கிற அந்தப் பிள்ளையை 25 வயதுக்குள் பதியாவிட்டால் உரிமை போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தகப்பன் கலியாணத்துக்கு வந்தார், பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு வீடியோவில் வந்தார், பிறகு காணோம். அவருடைய பாஸ்போட் கொப்பியும் சுவிஸில் அவருடைய ஊர்ப் பதிவு விபரமும் அனுப்பச் சொல்லி அந்தத் தங்கச்சி என் கடையிலிருந்தே மெசேஜ் போட்டார். நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. “அங்க வேற குடும்பம் போல அண்ணை” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருடைய வாழ்க்கை அவருக்கு. பிள்ளையின் பேப்பரில் என்ன கோபம்? ஒரு படம் எடுத்து அனுப்ப எத்தனை நிமிடம் பிடிக்கும்? கண்ணாடிக்காரரின் வீடியோவை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்ப நேரம் இருக்கிறதே!

கலியாணப் பதிவும் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் கையில் இருக்கிறது, தூதரகத்துக்கே நேரே எழுதுங்கள், தகப்பன் தராவிட்டாலும் என்ன செய்யலாம் என்று கேளுங்கள் என்று கடிதத்தை நானே டைப் பண்ணிக் கொடுத்தேன். இப்படித் தகப்பனோ தாயோ குடியுரிமை எடுத்த பிறகு பிறந்த பிள்ளைகள் இருந்தால் பேப்பரோடு வாருங்கள், இருந்து பார்ப்போம். காசு வேண்டாம்.

மற்றது, அந்த ஏஜென்சியின் எட்டுப் பக்க ‘பரம்பரை ஃபோம்’ இனி என் கடையில் நிரப்பவும் மாட்டேன், கொப்பியும் எடுக்க மாட்டேன். அவசரமென்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். அவன் கலரிலேயே எடுத்துத் தருவான்.