மாட்ரிட்டுக்குப் போனால் மத்தியானம் சாப்பிடுங்கள்

மாட்ரிட்டுக்குச் சுற்றுலா வந்து திரும்புகிற நம் ஆட்கள் பலரும் சொல்லும் குறை சாப்பாடுதான். விலை அதிகம், ருசி இல்லை, சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் அடுப்பே பற்றவைக்கவில்லை என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாதாரண சம்பளக்காரர் ஒருவர் மேசையில் நிதானமாக உட்கார்ந்து, வயிறார, கையைக் கடிக்காத விலையில் சாப்பிட முடிகிற ஐரோப்பியத் தலைநகரம் எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் மாட்ரிட் என்பேன். ஆனால் அந்தச் சாப்பாடு மத்தியானத்தில் இருக்கிறது. மத்தியானம் ஒரு சாண்ட்விச்சோடு மியூசியம் மியூசியமாக ஓடிவிட்டு, ராத்திரி பசியோடு பெரிய சதுக்கத்தில் போய் உட்காருகிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

முதலில் நேரக் கணக்கு. இங்கே மதிய உணவு ஒன்றரைக்குத் தொடங்கும், இரண்டரை மணிக்குக் கூட்டம் நெரியும், நான்கு மணி வாக்கில் சமையலறை மூடும். மறுபடி திறப்பது இரவு எட்டரைக்கு மேல். உள்ளூர்க்காரர்கள் ஒன்பதரை, பத்துக்கு வருவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமே இல்லை. லண்டனுக்கும் மேற்கே இருக்கிற இந்த ஊரின் கடிகாரம் 1940இலிருந்து பெர்லின் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டேகால் வாக்கில்தான். ஆக, இரண்டரை மணிச் சாப்பாடு என்பது சூரியக் கணக்குப்படி நம் ஊர் மத்தியானச் சாப்பாட்டு நேரமேதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலை நாள்களில், சாம்பெரி, தெத்துவான் மாதிரி குடியிருப்புப் பகுதிகளில் இறங்கி நடந்தால், உணவக வாசல்களில் கரும்பலகையிலோ தாளிலோ கையால் எழுதிய பட்டியல் தெரியும். மேலே 'மெனூ தெல் தியா' என்று போட்டிருக்கும், அன்றைய சாப்பாடு. முதல் வகையில் நாலைந்து, இரண்டாம் வகையில் நாலைந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதோடு ரொட்டி, குடிக்க ஒயினோ பீரோ தண்ணீரோ, கடைசியில் இனிப்பு அல்லது காபி. எல்லாம் சேர்த்து, இடத்தைப் பொறுத்து 12 முதல் 16 யூரோ வரை. வரி உட்பட.

நான் அடிக்கடி போகும் கடையில் மேசை மேல் காகித விரிப்பு. உட்கார்ந்த உடனேயே ரொட்டிக்கூடை வந்துவிடும். பரிமாறுகிறவர் அறுபதை நெருங்குகிறவர், குறிப்பேடு வைத்துக்கொள்ள மாட்டார், பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். ஒயின் கேட்டால் ஒரு குவளை வராது, லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றையே வைத்துவிட்டுப் போவார், கூடவே இனிப்புச் சோடா ஒரு பாட்டில். இரண்டையும் கலந்து குடிப்பது இங்கே வழக்கம். முதல் வகையில் நான் பெரும்பாலும் பருப்பு வாங்குவேன். தோலோடு இருக்கும் பழுப்பு மைசூர்ப் பருப்பு, குழையக் குழைய வெந்து, கேரட்டும் பூண்டும் புகை மணக்கும் சிவப்பு மிளகாய்ப் பொடியும் சேர்ந்தது. ஆழமான தட்டில் வரும். தட்டைக் கடைசியில் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. பக்கத்து மேசையில் மின்னும் மஞ்சள் சட்டையோடு கட்டடத் தொழிலாளிகள், அதற்கு அடுத்து டை கட்டிய வங்கிக்காரர்கள், சுவரோரமாகத் தனியாக ஒரு பாட்டி. எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே விலை. நம் ஊரில் நல்ல மெஸ் ஒன்றில் கிடைக்கும் அந்தச் சமத்துவம் இங்கே மூன்று கட்டச் சாப்பாடாக, மேசை விரிப்போடு கிடைக்கிறது. அதனால்தான் எனக்கு இது வெறும் மலிவுச் சாப்பாடு அல்ல. ஒரு நகரம் தன் உழைப்பாளிகளை மத்தியானம் ஒரு மணி நேரம் மரியாதையாக உட்கார வைக்கிறது என்பது பெரிய விஷயம்.

இன்னொரு சேதி. இந்த ஏற்பாடு தொடங்கியதே வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான். 1960களின் நடுவில், சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில், சுற்றுலாத் துறை அமைச்சராக இருந்த மானுவேல் பிராகா காலத்தில், உணவகங்கள் நிர்ணயித்த விலையில் ஒரு முழுச் சாப்பாடு போட வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது. பெயரே 'சுற்றுலா மெனு'. நாளடைவில் அதை ஊர்க்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நேரமில்லாத அலுவலகக் கூட்டம் பெருகப் பெருக, அதுவே தினசரிச் சாப்பாடானது. இப்போது அரசுக் கட்டாயம் இல்லை, பழக்கம்தான் தாங்கி நிற்கிறது. யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்கள் மட்டும் அதைத் தாண்டி நடந்துபோகிறார்கள்.

எங்கே போகிறார்கள்? பிளாசா மயோர் சதுக்கத்துக்கு. அழகான இடம், மறுக்கவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு எழுந்து வாருங்கள், போதும். அங்கே வாசலில் படம் படமாக ஒட்டிவைத்திருக்கும் பயேயாவை ராத்திரியில் கேட்காதீர்கள். பயேயா வலென்சியா பக்கத்து அரிசிச் சாப்பாடு, அதுவும் மதியத்தில் சாப்பிடுவது. மாட்ரிட்டில் அதை உண்ண ஆசையென்றால் வியாழக்கிழமை மத்தியானம் பாருங்கள். அன்றைய மெனுவில் அரிசிச் சாப்பாடு சேர்ப்பது இங்கே பல கடைகளில் பழைய வழக்கம். அப்புறம், சதுக்கத்தில் வெளியே போட்ட மேசைக்கும் உள்ளே பாரில் நின்று சாப்பிடுவதற்கும் விலை வேறு வேறாக இருக்கலாம். பட்டியலில் போட்டிருப்பார்கள், உட்காரும் முன் பார்த்துவிடுங்கள்.

புகழ்பெற்ற கடையெல்லாம் ஏமாற்று என்றும் நான் சொல்ல மாட்டேன். சதுக்கத்துக்குப் பின்பக்கம் இருக்கும் போட்டின் என்ற கடை 1725இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் பதிவு செய்தது. விறகு அடுப்பில் சுட்ட பால்குடிப் பன்றிக்குட்டிக்காக இன்னும் கூட்டம் வருகிறது. லா போலாவில் 1870 முதல் கொசீதோ போடுகிறார்கள். கொண்டைக்கடலையும் இறைச்சியும் காய்கறியும் ஆளுக்கொரு மண் குடுவையில் கரியடுப்பின் மேல் மணிக்கணக்கில் வேகும். முதலில் அந்தச் சாற்றை மெல்லிய சேமியாவில் ஊற்றி சூப்பாகத் தருவார்கள், மற்றதெல்லாம் பிறகு. குளிர்காலத்தில் போக வேண்டிய இடம். என் மனசுக்கு நெருக்கமானது மட்டும் காசா லாப்ரா. சோல் சதுக்கத்துக்குப் பக்கம், 1860இல் திறந்தது. ஸ்பெயினின் சோஷலிஸ்ட் கட்சியை 1879இல் பாப்லோ இக்லேசியாஸும் தோழர்களும் தொடங்கியது இங்கேதான். மாவில் தோய்த்துப் பொரித்த உப்பு மீன் துண்டும், உருட்டிப் பொரித்த குரோக்கெத்தாவும் விற்கிறார்கள். அவற்றுக்கு ஒரு வரிசை, பீருக்குத் தனியாக பார். வாங்கிக்கொண்டு தெருவிலேயே நின்று சாப்பிடலாம். விரல் சுடும், வெளியே மொறுமொறு, உள்ளே மீன் இதழ் இதழாகப் பிரியும். சில யூரோவில் வேலை முடிந்தது.

சைவக்காரர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் முடியாததல்ல. பருப்பில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும், பீன்ஸ் பொரியலில் ஹமோன் என்ற உப்பிட்ட பன்றித்தொடைத் துண்டு இருக்கும், சாதாரண சாலட்டில் சூரை மீன் இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. ஹமோனும் மீனும் இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நேர்மையாகப் பதில் சொல்வார்கள், இல்லையென்றால் இல்லை என்பார்கள். பிஸ்தோ கேளுங்கள், தக்காளியும் குடைமிளகாயும் சுரைக்காய் மாதிரியான சுக்கினியும் ஆலிவ் எண்ணெயில் வதங்கியது, மேலே முட்டை வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். கோடையில் காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப், வாட்டி உப்புத் தூவிய பத்ரோன் மிளகாய், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தொர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட். இரண்டு மூன்று நாளில் நாக்கு காரத்துக்கு ஏங்கினால் லவாப்பியெஸ் தெருவுக்குப் போங்கள். வங்கதேசத்தார் நடத்தும் இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன.

சரி, இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மத்தியானக் கடைகள் குறைந்துவருவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். நகர மையத்தில் வாடகை ஏறுகிறது, எண்ணெய் விலை ஏறுகிறது, குடியிருப்புகள் சுற்றுலா விடுதிகளாக மாறுகின்றன. பழைய கடை மூடிய இடத்தில் முட்டையும் அவகாடோவும் வைத்து, மெனூ தெல் தியாவின் விலைக்கே ஒரு தட்டு விற்கிறார்கள். குடும்பமாக நடத்துகிறவர்களுக்கு 14 யூரோவில் மூன்று தட்டு போட்டு மிஞ்சுவது சொற்பம், மேசை நிறைந்தால்தான் கட்டுப்படியாகும். அந்த மேசையில் நீங்கள் உட்காருவது அவர்களுக்கு உதவி, உங்களுக்கு நல்ல சாப்பாடு. இதைவிட நல்ல பேரம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

உட்கார்ந்த பிறகு அவசரப்படாதீர்கள். சாப்பிட்டு முடித்த பின்னும் பேசிக்கொண்டிருப்பது இங்கே சாப்பாட்டின் ஒரு பகுதி, சோப்ரெமேசா என்பார்கள். நீங்கள் கேட்காமல் பில் வராது. அது அலட்சியமல்ல, உங்களை எழுப்பக் கூடாது என்ற நாகரிகம். 'லா குவெந்தா' என்று சொன்னால் கொண்டுவருவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை வைத்துவிட்டு வந்தால் போதும். மெனு இல்லாமல் தனித்தனியாக ஆர்டர் செய்யும்போது பாட்டில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2022 சட்டப்படி குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், குவாதர்ராமா மலையிலிருந்து வரும் மாட்ரிட் தண்ணீர் அருமையாகவும் இருக்கும்.

வார இறுதியில் பல கடைகளில் இந்த மெனு கிடையாது, கிடைத்தாலும் விலை கூடும். திங்கள் முதல் வெள்ளிக்குள் வருகிற மாதிரி திட்டமிடுங்கள். ஆகஸ்டைத் தவிருங்கள். வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் சொல்லும் வகைக் கடைகளில் பாதிப்பேர் கதவைச் சாத்தி விடுமுறை அறிவிப்பை ஒட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு மேல் வாருங்கள்.