சாம்பல் குழி மேலே சறுக்குமரம்

நம் ஊர்ப் பழைய ரயில்வே குட்ஸ் ஷெட் இடத்தில் உணவுத் திடல், விளையாடுமிடம் எல்லாம் கட்டப்போகிறார்களாம். அதைப் பற்றிய செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வராதவர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நான் எழுந்து நிற்கிறேன், மேடையில் இருந்தவர் "சார், மண்ணு டெஸ்ட் எல்லாம் டெண்டருக்கு அப்புறம்" என்கிறார், முன்வரிசை சிரிக்கிறது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நான் கேட்டதை வசதியாக வெட்டிவிட்டார்கள்.

கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஷெட் இடத்தின் மண்ணைச் சோதித்தீர்களா? சோதிக்கவில்லை என்றால் எதை எங்கே வைப்பது என்று எதை வைத்து வரைந்தீர்கள்?

வரைபடத்தில் என்னென்னவோ இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த நடைபாதை, தேக்கு மாதிரி பெயின்ட் அடித்த சிமெண்ட் தூண், உணவுத் திடல், நூறு கார் நிறுத்த இடம். கிழக்கு மூலையில் மணல் தொட்டியோடு குழந்தைகள் விளையாடுமிடம். அந்தக் கிழக்கு மூலை எது என்று ஊரில் அறுபது தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீராவி எஞ்சின் காலத்தில் சாம்பல் கொட்டிய குழி அது. மேலே கருவேலம் முளைத்துவிட்டதால் அடியில் இருப்பது போய்விடுமா?

என் அப்பா அந்த ஷெட்டில் லோடுமேன். உரமூட்டை வேகன் வந்த நாளில் அவர் தலைத்துண்டை அம்மா வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறப்போடுவார். அப்பத்தா சாக்கை எடுத்துக்கொண்டு குழிக்குப் போய் அரைகுறையாக வெந்த கரியைப் பொறுக்கி வந்து, இஸ்திரிக்காரருக்குப் படிக்கணக்கில் விற்பார். மழை பெய்தால் ஷெட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஏடு படிந்திருக்கும். ஆடுகூட வாய் வைக்காது. அதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம், யாரும் கேட்கவில்லை. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக்கும் ஈயமும் இருக்கும், தண்டவாளக் கட்டைகளுக்குப் பூசிய கிரியோசோட் எண்ணெய் மண்ணில் இறங்கும் என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. படித்ததை வைத்துத்தான் கேட்டேன். சிரித்தார்கள்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் படத்தையும் திரையில் போட்டார்கள். அதுவும் பழைய சரக்கு யார்டுதானாம், இதுவும் அப்படி ஆகுமாம். சரி, ஆகட்டும். அந்த 67 ஏக்கருக்கு ஊர்க்காரர்களோடு வருடக்கணக்கில் பேசி, 2006-ல்தான் அனுமதியே வந்தது. எரிவாயு ஆலை இருந்த மண்ணைச் சுத்தம் செய்தார்கள். 1852-ல் கட்டிய தானியக் கிடங்கை இடிக்காமல் 2011-ல் அதற்குள் கலைக்கல்லூரியைக் கொண்டுவந்தார்கள். கரி இறக்கிய கொட்டகைகள் கடைகளாகத் திறந்தது 2018-ல். நம் ஆட்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டது போட்டோவை மட்டும்.

"வளர்ச்சி வந்தாலே உனக்குப் பிடிக்காதா?" என்று வாட்ஸப் குழுவில் ஒருவர். அண்ணே, மண்ணைச் சோதித்துவிட்டுக் கட்டுங்கள் என்பதற்கும் கட்டாதே என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவரா நீங்கள்?

"ஏற்கெனவே ஏகப்பட்ட காலம் போச்சு" என்கிறார்கள். காரைக்குடி–திருவாரூர் மீட்டர் கேஜ் ரயிலை 2012-ல் நிறுத்தினார்கள். பட்டுக்கோட்டை வரை அகலப்பாதை வர 2018, திருவாரூர் வரை போக 2019. அத்தனை வருடம் பேருந்தில் நசுங்கிக்கொண்டு காத்திருந்த நமக்கு, நாலு இடத்தில் துளை போட்டு மண் எடுக்கும் சில வாரம் தாங்காதா?

புதர் மண்டிக் கிடக்கிறது, ராத்திரியில் பாட்டில் உருளுகிறது என்பது உண்மை. மறுக்கவில்லை.

"சட்டப்படி எல்லாம் நடக்கும்" என்றார் இன்னொருவர், வக்கீல் வேறு. அவருக்குத் தெரியாததா? 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால்தான் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டும். அப்போதும் கட்டடத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. மாசுபட்ட நிலத்துக்கென்று தனி விதிகள் வந்ததே 2025-ல். ஆக, நாம் கேட்டால்தான் உண்டு. கேட்டால் சிரிப்பு.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. முற்றத்தில் விழுகிற மழையைக்கூடத் தவலையில் பிடித்தவர்கள் நாம். வரத்துக்கால் வெட்டி ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. ஷெட் பக்கத்து வரத்துக்கால் வரைபடத்தில் இல்லவே இல்லை. அதன் மேல்தான் அந்த நூறு கார். அந்தச் சரிவில் ஓடும் தண்ணீர் ஊருணிக்குத்தான் போகும், அடியில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால் அந்தத் தூணில்தான். பழைய வீடுகளின் அசல் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத் தள்ளியபோது இந்த முன்வரிசையில் ஒருவர் வாய் திறக்கவில்லை. இப்போது சிமெண்டில் ஊற்றி "பாரம்பரியம்" என்கிறார்கள். மூட்டை தூக்கியவர்களுக்கு அந்த வரைபடத்தில் ஒரு பெஞ்சாவது உண்டா என்று பாருங்கள். "லோடுமேன் மகனுக்கு பிளான் பார்க்கத் தெரியுமா" என்று பின்னால் ஒரு குரல் வீடியோவில் கேட்கிறது. யார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த அரிசி மூட்டையை இறக்கியது என் அப்பாதான்.

மனு தயார். டெண்டருக்கு முன் மண் சோதனை, அறிக்கை தமிழில், வரத்துக்கால் இருந்த இடத்திலேயே. மூன்றுதான் கேட்டிருக்கிறோம். ஞாயிறு காலை ஊருணிக் கரையில் கையெழுத்து வாங்குகிறோம். குழுவிலிருந்து என்னை நீக்கிய அட்மினும் வரலாம், பேனா நான் கொண்டுவருகிறேன்.