"என்ன சாப்பாடு கொடுக்கிறே?" என்று கேட்பவர்களுக்கு

பிள்ளைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த வளர்ச்சிக் குறைபாடு, என்று சொன்னவுடன் சிங்கப்பூரில் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பாடு கொடுக்கிறே?" டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அப்புறம்தான். அதுவும் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார்கள். என் கணவரிடம் ஒருவர்கூட இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

உணவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு. எவ்வளவு, எங்கே என்பதில்தான் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் எனக்கும் தகராறு. சர்க்கரையை நிறுத்து, பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, மூன்றே மாதத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏடிஹெச்டி பிள்ளை இருக்கிற வீட்டில் அடுப்படிக்கு உண்மையிலேயே பெரிய வேலை இருக்கிறது. அந்தப் பட்டியல் அதற்கு நேர் எதிரான வேலையைச் சொல்கிறது.

சர்க்கரையில் தொடங்குகிறேன். சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளை துள்ளும் என்பது இங்கே வேதவாக்கு. 1994இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். "என் மகனுக்குச் சர்க்கரை ஆகாது, உடனே ஆட்டம் போடுவான்" என்று சொன்ன அம்மாக்களையும், 5 முதல் 7 வயதுள்ள அவர்களுடைய மகன்களையும் அழைத்தார்கள். பையன்கள் யாருக்கும் சர்க்கரை தரவில்லை. எல்லாருக்கும் கொடுத்தது அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு. ஆனால் பாதி அம்மாக்களிடம் "உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லி வைத்தார்கள். அந்த அம்மாக்கள்தான் மகன் அதிகம் துள்ளுவதாகக் குறித்தார்கள். அதைவிட முக்கியம், விளையாட்டு நேரத்தில் பிள்ளையை விட்டு நகராமல் நின்றதும், அதிகமாகக் குறை சொன்னதும் அவர்கள்தான். மறு ஆண்டு, யாருக்கு எது கொடுத்தார்கள் என்பதை மறைத்து அதுவரை நடந்த சர்க்கரைச் சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஆய்வும், சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது.

அந்த அம்மாக்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சர்க்கரை கொடுத்தியா?" என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு நம்மையும் அப்படித்தான் காவலுக்கு நிற்க வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடி புளோக் கீழே பிறந்தநாள் விருந்தில் பிள்ளை ஓடுவதற்குக் கேக் வேண்டியதில்லை. கூட ஓடுவதற்கு அங்கே ஒரு பட்டாளமே இருக்கிறது. பல்லுக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், எடைக்காகக் குறையுங்கள். நீரிழிவு இல்லாத வீடு நம் குடும்பங்களில் எத்தனை? ஏடிஹெச்டியை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

சாயம் வேறு கதை. அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 1970களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் ஃபைன்கோல்ட் என்ற ஒவ்வாமை மருத்துவர், செயற்கைச் சாயத்தையும் செயற்கைச் சுவையூட்டியையும் நீக்கினால் பிள்ளைகளின் துறுதுறுப்பு அடங்கும் என்றார். அவர் சொன்ன அளவுக்குப் பலன் பிறகு வந்த சோதனைகளில் தெரியவில்லை. ஆனால் 2007இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 3 வயதுப் பிள்ளைகளுக்கும் 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கும் சில சாயங்களையும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியையும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இவர்கள் ஏடிஹெச்டி பிள்ளைகள் அல்லர், சாதாரணப் பிள்ளைகள். எந்த நாள் எந்தப் பானம் என்று பெற்றோருக்கும் தெரியாது. துறுதுறுப்பு சற்றுக் கூடியது. சற்றுத்தான், அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை மாறியது. அதையொட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஆறு சாயங்களுக்கு 2010 ஜூலையிலிருந்து எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் இது பாதிக்கக்கூடும் என்று பொட்டலத்திலேயே போட வேண்டும்.

நம் வீட்டுக் கேசரிப் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். டார்ட்ரசின் அல்லது சன்செட் யெல்லோ, அதாவது 102 அல்லது 110, பெரும்பாலும் இருக்கும். இரண்டுமே அந்த ஆறில் சேர்ந்தவை. பாண்டுங் என்கிற ரோஜாப் பாலின் நிறம், துருவிய ஐஸில் செய்கிற ஐஸ் கச்சாங் மேல் ஊற்றுகிற சிவப்பு பச்சைச் சிரப், தீபாவளி ஜாங்கிரி எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்கலாம். நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது பானத்திலுள்ள சர்க்கரைக்கும் நிறைவுற்ற கொழுப்புக்கும் போடுகிற தரம். சாயத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது கேசரிக்குக் குங்குமப்பூதான், அது தீர்ந்துபோனால் வெள்ளைக் கேசரி. "இது என்ன, இனிப்பு உப்புமாவா?" என்பார் என் மாமியார். மகன் வழித்துச் சாப்பிடுவான். ஏடிஹெச்டி போய்விட்டதா? இல்லை. சாயமில்லாத கேசரி சாப்பிடுகிற ஏடிஹெச்டி பையன், அவ்வளவுதான். கெடுதலில்லாத மாற்றம் என்பதால் செய்கிறேன், செய்யவும் சொல்வேன்.

பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்துவதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு எல்லாரும் காட்டுவது 2011இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு. சோறு, இறைச்சி, காய்கறி, பேரிக்காய், தண்ணீர் என்று ஐந்து வாரம் கொடுத்ததில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் மதிப்பெண் போட்ட பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்பது தெரியும். 2013இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், உணவு முறை தெரியாதவர்கள் மதிப்பிட்ட சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது பலன் பெரிதும் சுருங்கிவிட்டது. சில பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் உணவு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் என்ன சாப்பிட்டான், அன்று எப்படி இருந்தான் என்று ஒரு நோட்டில் எழுதி உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய பட்டியலை நம்பி வளர்கிற பிள்ளையின் தட்டைக் காலி செய்ய வேண்டாம்.

மீன் எண்ணெய் மாத்திரை? பலன் இருந்தாலும் மிகக் கொஞ்சம். ஏடிஹெச்டி மருந்தின் பலனுக்குப் பக்கத்தில்கூட வராது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் ஏடிஹெச்டிக்கென்று இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நான் அந்தக் காசுக்குத் தேக்கா சந்தையில் மீனாகவே வாங்கிவிடுகிறேன். அவசரத்துக்கு டின் சார்டின் சம்பல் இருக்கவே இருக்கிறது. இரும்புச்சத்து விஷயம் கவனிக்கத்தக்கது. மூளையில் செய்தி கடத்துகிற டோபமைன் என்ற வேதிப்பொருள் உருவாக இரும்பு தேவை, ஏடிஹெச்டி மருந்துகள் வேலை செய்வதும் அந்த டோபமைனைச் சுற்றித்தான். சைவ வீடு, பிள்ளை வெளிறி இருக்கிறான், சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கமும் இருக்கிறது என்றால் ஃபெரிட்டின், அதாவது உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை, பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள். அளவு மீறினால் குழந்தைக்கு அது விஷம்.

ஊரிலிருந்து பெட்டியில் வருகிற லேகியம், சூரணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டில் உண்டு, பிடிக்கும் என்பதால். இங்கே மலாய்க்காரர்களும் இதைப் பெகாகா என்று பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். கீரையாகச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. லேபிள் இல்லாத டப்பாவில்தான் பயம். 2004இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோகம் இருந்தது. ஈயம் பிள்ளையின் கவனத்தையும் அறிவுத்திறனையும் கெடுக்கும். கவனம் வரட்டும் என்று கொடுக்கிற மருந்தில் அது இருந்தால் என்ன ஆகும்? இயற்கை மருந்து என்று விற்றதில் ஆங்கில மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கே எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது. எனக்கே ஓர் இடத்தில் பெயர் ஒட்டாத பொடியைக் கையில் கொடுத்து, "டாக்டரிடம் சொல்லாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது" என்றார்கள். பொடியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இனி அடுப்படியின் உண்மையான வேலைக்கு வருகிறேன். என் மகன் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மருந்து எடுக்கிறான், ரிட்டலின், கான்செர்டா என்ற பெயர்களில் வருவது. படிப்பில், நட்பில், வீட்டு அமைதியில் அது செய்த மாற்றத்தை எந்தக் கீரையும் செய்யவில்லை. ஆனால் அது பசியைக் கொன்றுவிடும். பள்ளி இடைவேளைக்கு நான் கட்டிக்கொடுத்த சப்பாத்திச் சுருள் மாலையில் அப்படியே திரும்பி வரும், ஓரமெல்லாம் காய்ந்து, ஒரே ஒரு கடியோடு. அந்தக் கடி எனக்காகக் கடித்தது என்று எனக்குத் தெரியும்.

அதனால் காலைச் சாப்பாடுதான் எங்கள் வீட்டில் பெரிய சாப்பாடு. மாத்திரைக்கு முன்னால் உள்ளே போனதுதான் கணக்கு. ஆறு மணிக்கு முட்டை தோசை, நெய் தாராளமாக, மேலே கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி. பாதித் தூக்கத்தில் மென்றுகொண்டிருப்பான். மதியத்தை விட்டுவிடுவேன், மல்லுக்கட்டுவதில்லை. மாலை ஏழு மணி வாக்கில் மருந்து இறங்கியதும் "அம்மா பசிக்குது" என்று வருவான். அப்போது சோறும் மீன் குழம்பும், படுக்கப் போகும் முன் வாழைப்பழமும் பாலும். ராத்திரி நேரத்தில் வாழைப்பழமா, சளி பிடிக்காதா என்று ஒரு குரல் கூடத்திலிருந்து வரும். பிடிக்கட்டும் அத்தை என்று சொல்லிவிட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் அவனுடைய உயரத்தையும் எடையையும் குறிக்கிறார்கள். அந்தக் கோடு இறங்காமல் பார்ப்பதுதான் என் வேலை. இப்போது அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பால் வேண்டாம், கோதுமை வேண்டாம் என்கிறது. இந்தப் பிள்ளைக்கு எடை ஏற்றுகிற சாமான்கள் அவைதான்.

இயற்கை முறைதான் வேண்டும் என்றால் தூக்கத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி 7:30க்குத் தொடங்குகிறது, பேருந்து அதற்கும் வெகு முன்னால் வந்துவிடும். கணக்குப் போட்டால் பிள்ளை ஒன்பது மணிக்கு முன் தூங்கியிருக்க வேண்டும். இங்கே ஒன்பது மணிக்குப் பாதிப் பிள்ளைகள் டியூஷனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்கள். தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவோம், பிள்ளைகள் பல சமயம் அதற்கு மாறாகப் பரபரப்பார்கள். குறட்டை விடுகிற பிள்ளை என்றால் டான்சிலையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் மூச்சு முட்டித் தூக்கம் கெட்டாலும் பகலில் ஏடிஹெச்டி போலவே தெரியும். ஓட்டமும் நீச்சலும் உதவுகின்றன என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. புளோக் கீழே பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்திருப்பவர்களிடம் அதை யார் சொல்வது? சனிக்கிழமை ஒரு டியூஷனை நிறுத்திவிட்டு நீச்சலுக்கு அனுப்பினேன். அதற்கு வந்த எதிர்ப்பு மாத்திரைக்குக்கூட வரவில்லை.

ஏடிஹெச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. என் கணவர் இதுவரை தொலைத்த ஈஸி-லிங்க் பயண அட்டைகளை யாராவது எண்ணியிருந்தால் காரணத்தை என் குளிர்பெட்டியில் தேடியிருக்க மாட்டார்கள். அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார். என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, பிள்ளையை மருத்துவரிடம் காட்டும் முன் எல்லா உணவு முறையையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று மாமியார் வீட்டில் சொன்னதால் காத்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் பிள்ளைக்குத் தான் மக்கு என்ற எண்ணம் பதிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

உள்பெட்டியில் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளை என்றால் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் போகலாம், கட்டணச் சலுகையும் கிடைக்கும். பள்ளி வயது என்றால் முதலில் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். அவர் வழியாக மனநலக் கழகத்தின் சிறுவர் பிரிவுக்கும் போகலாம். காத்திருக்க நேரிடும், அதனால் இன்றே பெயர் கொடுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் முதலில் மருந்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், பெற்றோருக்கான பயிற்சிதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும் நிபுணரின் அறிக்கை வேண்டும். காத்திருக்கிற நாட்களில் சாயத்தை நிறுத்துங்கள், சீக்கிரம் தூங்க வையுங்கள், மீன் கொடுங்கள். யாரும் தடுக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். முட்டை அவனுக்கு அலுத்துவிட்டது. காலை ஆறு மணிக்குப் பாதித் தூக்கத்தில் விழுங்கக்கூடிய, புரதம் உள்ள பலகாரம் ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். பெசரட்டு செய்து பார்த்தாயிற்று, ஓடிவிட்டான். அடை செய்தேன், அதை மென்று முடிப்பதற்குள் பள்ளிப் பேருந்து போய்விட்டது.