தாஷ் ரபாத்தை அரை மணியில் பார்த்துவிட்டு வராதீர்கள்

கிர்கிஸ்தான் போகிறவர்கள், தொருகார்ட் கணவாய் வழியாகச் சீனாவுக்குக் கிளம்பும்போது தாஷ் ரபாத் என்ற பழைய கல் சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, வாசலில் நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டும். ஆனால் முந்தின இரவை நரின் ஊரில் கழிக்காமல் அங்கே தங்கவே கூடாது. இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

தாஷ் என்றால் கல், ரபாத் என்றால் வழிச்சத்திரம். சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், பலகை பலகையாகப் பிளந்த கல்லை அடுக்கிக் கட்டிய 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பின்பாதி மலைச்சரிவுக்குள் புதைந்திருக்கிறது. வழக்கமான வணிகச் சத்திரத்தில் ஒட்டகம், குதிரை கட்ட நடுவே திறந்த முற்றம் இருக்கும். இங்கே முற்றமே கிடையாது. நடுவில் குவிமாடக் கூடம், சுற்றிலும் இருட்டான சிறு அறைகள், எல்லாமே கூரைக்கு அடியில். இதை வைத்தே, முதலில் இது நெஸ்தோரியக் கிறிஸ்தவ மடமாக இருந்தது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். எனக்கு அந்தக் குளிரே போதுமான காரணமாகத் தெரிகிறது. ஜூலையிலும் ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் இடத்தில் யார் திறந்த முற்றம் வைப்பார்கள்? பகலில் வந்து போகிறவருக்கு இது உறைக்காது. 16ஆம் நூற்றாண்டில் மிர்சா ஹைதர், இங்கிருந்து தெற்கே உள்ள சாதிர் குல் ஏரிக்கு வடக்கே, அந்தப் பகுதியை முன்பு ஆண்ட முகமது கான் கட்டிய ரபாத்தைப் பற்றி எழுதும்போது, இவ்வளவு பெரிய கற்களைக் காஷ்மீர்க் கோயில்களில்தான் காணலாம் என்கிறார். பின்னாளில் காஷ்மீரையே ஆட்சி செய்த மனிதர் சொன்னது, சும்மா இல்லை. அவர் சொல்வது இந்தக் கட்டடத்தைத்தான் என்று பலரும் கருதுகிறார்கள்.

உள்ளே போக நல்ல டார்ச் கட்டாயம். போன் வெளிச்சம் போதாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், ஒவ்வொரு கல்லின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். கூடத்தின் மூலைகளில், சதுரச் சுவர் குவிமாடத்தின் வட்டமாக மாறும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். கொத்தனாரின் கை அங்கேதான் தெரியும். 1984இல் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள், எனவே தெரிகிற கல் எல்லாமே பழசு என்று எண்ண வேண்டாம். சில அறைகளின் தரையில் குழி உண்டு, காலடி பார்த்து வையுங்கள்.

பிஷ்கெக்கிலிருந்து நரினுக்குச் சுமார் 310 கிலோமீட்டர், ஷேர் டாக்சியில் 5, 6 மணி நேரம். மறுநாள் அத்-பாஷி ஊர். அதற்கு மேல் பஸ் கிடையாது, தனி டாக்சிதான். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இன்னும் 15 கிலோமீட்டர் மண்பாதை. மறுநாள் திரும்ப வர வேண்டிய நேரத்தையும் கூலியையும் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். மேலே போன் சிக்னலை நம்ப முடியாது. கையில் கிர்கிஸ் பணமான சோம் ரொக்கமாக இருக்கட்டும்.

நரின் சுமார் 2,050 மீட்டர் என்பதால் அந்த ஓர் இரவு உடம்பை உயரத்துக்குப் பழக்கும். உயரத்தால் வரும் மலை நோயைத் தடுக்கும் மாத்திரையான அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

படுக்கை, யூர்ட் எனும் வட்டமான கம்பளிக் கூடாரத்தில், மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை. வறட்டி போட்டு எரிக்கும் அடுப்பு சட்டென்று சூடாகும், நடு ராத்திரிக்குள் அணைந்துவிடும். கூடுதலாக ஒரு ரஜாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து உச்சித் துவாரத்தின் கம்பளியை முழுக்க இழுத்து மூடாதீர்கள். தணல் இருக்கும்போது கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதனால் வரும் தலைவலியை மலைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவதுதான் பேராபத்து. தண்ணீர் இங்கே 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், கெட்டிலில் அரிசி வேகாது. அவல் கொண்டு போங்கள்.

சாதிர் குல் ஏரிவரை நடக்க நினைத்தால், ஏறக்குறைய 4,000 மீட்டர் கணவாயைத் தாண்ட வேண்டும். அது எல்லைப் பகுதி, முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மறுநாள் காலை, சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக் காவலரிடம் சொன்னால் திறந்துவிடுவார்.