27-ஆம் பகுதியில் 'ஆமாம்' என்று எழுதச் சொன்னேன்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். ராணுவத்துக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவலைக் கையாள அரசு தரும் அனுமதி, வந்தால்தான் சேர முடியும். அதற்கான எஸ்.எஃப்.86 படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவன், 27-ஆம் பகுதியில் நின்றுவிட்டான்.

அது கணினிப் பயன்பாடு பற்றிய பகுதி. கடந்த 7 ஆண்டுகளில் அனுமதியில்லாமல் ஏதாவது கணினிக்குள் நுழைந்தீர்களா, எதையாவது மாற்றினீர்களா, அழித்தீர்களா, விதி தடுத்தும் வெளிக் கருவியோ மென்பொருளோ பயன்படுத்தினீர்களா என்று கேட்கிறது. இவன் இரண்டு வருடத்துக்கு முன் இன்டர்ன்ஷிப் போன ஆபீசில் பென் டிரைவ் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்படியும் ஒருநாள், மிச்ச வேலையை ராத்திரி வீட்டில் முடிக்கலாமே என்று ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துப் போயிருக்கிறான். யாருக்கும் தெரியாது. "மாமா, இல்லைன்னு போட்டுடவா?" என்றான்.

கூடவே கூடாது என்றேன். இதே படிவத்தை நிரப்பப்போகும் மற்ற பிள்ளைகளுக்காகவும் காரணத்தை எழுதுகிறேன்.

கிளியரன்ஸ் தரலாமா என்று பார்க்க அமெரிக்க அரசிடம் ஏ முதல் எம் வரை 13 அளவுகோல்கள் இருக்கின்றன. இப்போதைய வடிவம் 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கடைசி 'எம்'தான் கணினி. அதில் மாட்ட, கோர்ட்டில் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு போலீஸ்காரர் காசுக்காகத் துறையின் கணினியில் ஒரு வண்டி எண்ணைத் தேடிப் பார்த்தார். அவருக்கு அனுமதி இருந்த கணினிதான் என்பதால், கணினி மோசடிச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிளியரன்ஸ் விஷயத்தில் அந்த வாதம் கைகொடுக்காது. அங்கே பார்ப்பது, விதியைச் சொன்னால் இந்த ஆள் கேட்பாரா என்பதைத்தான். சந்தேகம் வந்தால் நாட்டின் பாதுகாப்பு பக்கம்தான் முடிவு.

இவ்வளவு சின்ன விஷயத்தையெல்லாமா நோண்டுவார்கள் என்று அக்கா கேட்டாள். ஜாக் டெஷேரா கதையைச் சொன்னேன். மாசசூசெட்ஸ் விமானப்படை தேசியக் காவல் பிரிவில் நெட்வொர்க் வேலை பார்த்த 21 வயதுப் பையன். 2022 செப்டம்பரில் ரகசியத் தகவலைப் பார்த்துக் குறிப்பெடுத்ததைக் கண்டார்கள், கண்டித்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். மறுபடியும் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கொட்டிய ஆவணங்கள் உலகம் முழுக்கப் போயின. 2023 ஏப்ரலில் கைது, 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறை. மேலதிகாரிகள் உட்பட 15 பேர் மீது விமானப்படை நடவடிக்கை எடுத்தது. முதல் குறிப்புச் சீட்டைப் பார்த்த அன்றே ஒருவராவது முறையாக மேலே சொல்லியிருந்தால் அந்தப் பையனே தப்பித்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதே 'எம்' மன்னிக்கவும் வழி வைத்திருக்கிறது. நடந்து நாளாகிவிட்டதா, சின்னதா, வேலை நடக்க வேண்டும் என்று செய்ததா, தெரியாமல் செய்துவிட்டு உடனே மேனேஜரிடம் சொன்னாயா, சரியான பயிற்சியே தரவில்லையா, எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் படிவத்தில் மறைத்தால் விஷயம் 'இ' (E) என்ற அளவுகோலுக்குப் போய்விடும். அது நேர்மை பற்றியது. பென் டிரைவுக்குச் சமாதானம் சொல்லலாம், தெரிந்தே எழுதிய பொய்க்கு என்ன சொல்வது? அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. அப்புறம், விசாரணைக்கு வருபவர்கள் பழைய ஆபீசில் கூட இருந்தவர்களிடமும் பேசுவார்கள்.

'ஆமாம்' என்று போட்டுவிட்டு, என்ன நடந்தது, எந்தத் தேதி, ஃபைல்களை எப்போது அழித்தான் என்று நாலு வரியில் எழுதி அனுப்பிவிட்டான். அக்காவுக்கு என்மேல் வருத்தம்தான், கிடைத்த வேலை போய்விடுமோ என்று. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.