ஏர் ரைபிளை வேகத்தால் அளக்காதீர்கள்

அழுத்தக் காற்றால் சுடும் ஏர் ரைபிள் வாங்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, விநாடிக்கு எத்தனை அடி வேகத்தில் சுடும் என்பதைத்தான். பெட்டியின் மேலேயே 1,000 அடி, 1,200 அடி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும்போது அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. ஆகிய சிறிய குழல் அளவுகளில் வரும் இந்தத் துப்பாக்கிகளை எடைபோட அதைவிட உதவாத அளவுகோல் வேறில்லை என்பது என் கருத்து. இந்தக் கருவியின் நல்ல குணங்களில் பெரும்பாலானவை அதன் சக்தி குறைவாக இருப்பதால் வருபவை. அதன்மேல் சொல்லப்படும் குறைகளில் பாதியோ, அதனால் முடியாத வேலையை அதனிடம் கேட்பதால் வருபவை.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். விநாடிக்கு 1,200 அடி என்பது ஏறத்தாழ 366 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர். இதில் போட்டுச் சுடும் சிறு குண்டுக்குப் பெயர் பெல்லட். சாதாரண ஈய பெல்லட் நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்புறம் மெல்லிய பாவாடைபோல் விரிந்த வடிவம் கொண்டது. அழுத்தக் காற்று அந்தப் பாவாடையை விரித்துக் குழலின் உட்சுவரோடு ஒட்டவைக்கிறது. வெளியே வந்த பிறகு அதே பாவாடை காற்றைப் பிடித்துக்கொண்டு பெல்லட்டின் தலையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. மிதமான வேகத்தில் இந்த ஏற்பாடு அழகாக வேலை செய்யும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் தள்ளாடத் தொடங்கி, குண்டுகள் இலக்கில் சிதறுகின்றன. விளம்பரத்தில் வரும் பெரிய எண்கள் பெரும்பாலும் ஈயத்தைவிட எடை குறைந்த உலோகக் கலவை பெல்லட்டை வைத்துச் சுட்டு எடுத்தவை. அதே துப்பாக்கியில் சரியான எடையுள்ள ஈய பெல்லட்டைப் போட்டால் எண் கணிசமாக இறங்கும். சுடும் குண்டுகளோ ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்.

வேகம் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு 10 மீட்டர் போட்டியைத்தான் காட்டுவேன். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் இந்தப் போட்டியில் பயன்படுவது 4.5 மி.மீ. ஏர் ரைபிள்தான். பெல்லட்டின் வேகம் விநாடிக்கு சுமார் 175 மீட்டர்; ஆற்றல் சுமார் எட்டு ஜூல்தான் இருக்கும். ஆனால் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் 0.5 மி.மீ. அளவுள்ள ஒரு புள்ளி. சுடும் குண்டு அதைப்போல் ஒன்பது மடங்கு அகலமானது. தட்டைத் தலை பெல்லட் காகிதத்தைக் கிழிக்காமல், வட்டமாக வெட்டி எடுத்ததுபோல் ஓட்டை போடும். அந்த ஓட்டையின் விளிம்பை வைத்துத்தான் நம் கையின் நடுக்கம் எந்தப் பக்கம் இழுத்தது என்று படிக்க முடிகிறது.

இங்கேதான் வேகக் குறைவு ஆசிரியராக மாறுகிறது. பெல்லட் மெதுவாகப் போவதால், விசையை இழுத்த பிறகும் அது குழலுக்குள் சற்று நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் தோளைத் தளர்த்தினாலோ, எங்கே பட்டது என்று பார்க்கத் தலையைத் தூக்கினாலோ, அந்த அவசரம் அப்படியே அட்டையில் பதிவாகிவிடும். வெடிமருந்துத் துப்பாக்கி மன்னித்துவிடும் பல தவறுகளை ஏர் ரைபிள் மன்னிப்பதில்லை. வெடிச் சத்தமும் பெரிய உதையும் இல்லாததால் குண்டு கிளம்பும் முன்பே கண்ணை மூடும் பழக்கம் வராது. பெல்லட் மலிவானது என்பதால் ஒரே நாளில் நிறையச் சுட்டுப் பழகலாம். குறி பார்க்கக் கற்க இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதல். குழலை மடக்கி இறக்கும்போது ஸ்பிரிங் இறுகி, பிஸ்டன் பின்னே போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். பெல்லட்டைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தும்போது பாவாடை எங்காவது நசுங்கியிருந்தால் விரல்நுனியே சொல்லிவிடும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய, துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் தன் முன்னால் இறுகிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே உதைக்கிறது. பெல்லட் குழலைவிட்டுப் போகும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுவதால், இறுக்கிப் பிடித்தவர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக அதைத் தடுக்கிறார்; குண்டுகளும் சிதறுகின்றன. தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்கி, அதன் போக்கில் குதிக்கவிடுவதுதான் வழி. பின்னுதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப்பு (குறி பார்க்கும் தொலைநோக்கி) இதில் மாட்டினால் உள்ளே கழன்று போவதும் இந்த முன்னுதையால்தான். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டனை மெத்தைபோல் தாங்கும் காற்றழுத்தம் உருவாகாமல் அது நேரே உலோகத்தில் போய் இடிக்கும்.

முன்கூட்டியே 200 பார், 300 பார் அழுத்தம் வரை காற்றை நிரப்பிக்கொள்ளும் பிசிபி துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை கிடையாது, சுடுவதும் எளிது. ஆனால் பம்பையோ சிலிண்டரையோ கூடவே கட்டி இழுக்க வேண்டும்.

இனி அளவு பற்றிய வழக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைபிளின் ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். அதையே பொது அளவாக வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றலில் 0.55 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் விநாடிக்கு 243 மீட்டரில் கிளம்பும். ஒரு கிராமை ஒட்டிய 5.5 மி.மீ. பெல்லட் 177 மீட்டரில் கிளம்பும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலே 40 மீட்டர் தூரத்தில் முதலாவது 13 செ.மீ. இறங்கும், இரண்டாவது 25 செ.மீ. இறங்கும். தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்துவிட்டால் 5.5-இல் அந்தத் தவறு பெரிதாகிறது. 50 மீட்டர் வரை வெவ்வேறு தூரங்களில் சிறிய இலக்குகளைச் சுடும் ஃபீல்டு டார்கெட் போட்டிக்காரர்கள் பெரும்பாலும் 4.5-ஐத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். 5.5-க்கும் அதற்கேற்ற இடம் உண்டு: கனமான பெல்லட் பட்ட இடத்தில் ஆற்றலை நன்றாக இறக்கும், குளிரில் விரைத்த விரலுக்கும் எளிதில் பிடிபடும்.

ஆனால் 5.5-ஐ வாங்கிவிட்டால் பெரிய துப்பாக்கி கிடைத்துவிட்டதாக நினைப்பவர்களிடம்தான் எனக்கு வாதம். அங்குலக் கணக்கில் இதுவும் .22, வெடிமருந்தில் சுடும் .22 எல்.ஆர். தோட்டாவும் .22 என்பதால் இரண்டும் பங்காளிகள் என்று நம்பிவிடுகிறார்கள். அந்தத் தோட்டாவின் ஆற்றல் சுமார் 140 ஜூல். நாம் பேசும் ஏர் ரைபிள் அதில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதோடு பெல்லட்டின் வடிவமே காற்றில் வேகத்தை இழப்பதற்கென்று செய்ததுபோல் இருப்பதால், 50 மீட்டரைத் தாண்டினால் லேசான பக்கக் காற்றே குறியை விரற்கடைக் கணக்கில் தள்ளிவிடும். எலி போன்ற சிறு பிராணிகளின் தொல்லைக்கு, நாணயம் அளவுள்ள இடத்தில் தவறாமல் சுட முடிகிற தூரத்துக்குள், சட்டம் அனுமதித்தால் மட்டும் என்பதற்குமேல் உயிர்கள்மீது இதைப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. சக்தி போதாத துப்பாக்கி கொல்லாது, காயப்படுத்தி ஓடவிடும்.

சக்தி குறைவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பொம்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணைத் துளைக்க இதைவிட மிகக் குறைந்த வேகமே போதும். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போய் விழும். கல்லிலோ கெட்டி மரத்திலோ பட்டால் சுட்டவரை நோக்கியே திரும்பி வரக்கூடும். எஃகு உருண்டைகளாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் இலக்கின் பின்னால் பெல்லட்டை விழுங்கக்கூடிய தடுப்பும், சுடுபவருக்குக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு குண்டுகூடச் சுடக்கூடாது. ஈயம் கையில் ஒட்டும் என்பதால், சுட்டு முடித்துக் கை கழுவாமல் சாப்பிட உட்காரவும் கூடாது.

எதை வாங்குவது என்று இன்னும் கேட்பவர்களுக்கு என் பதில்: பழகுவதற்கும் அட்டையில் சுடுவதற்கும் மிதமான சக்தியுள்ள 4.5 மி.மீ. ஸ்பிரிங் துப்பாக்கி. அதிக வேகத்துக்காகக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தில் நான்கைந்து வகை ஈய பெல்லட்டுகளை வாங்கி, ஒரே தூரத்தில், ஒரே தாங்கலில் சுட்டுப் பாருங்கள். ஒரே மாடலின் இரண்டு குழல்களுக்குக்கூட ஒரே பெல்லட் ஒத்துப்போவதில்லை. உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று அந்த அட்டைகளே காட்டிவிடும்.