கானோவின் கடலைப் பிரமிடுகளும் என் குலிகுலியும்

கானோ நகரத்துக் கடலைப் பிரமிடுகளின் கறுப்பு வெள்ளைப் படத்தை மாதம் தவறாமல் யாராவது பகிர்கிறார்கள். வானத்தை முட்டுகிற அளவுக்கு நிலக்கடலை மூட்டைகள், கீழே "அந்தக் காலம் இனி வருமா?" என்றொரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் எனக்குப் பங்கில்லை. வடக்கு நைஜீரியாவின் நிலக்கடலைக்கு நினைவுச்சின்னம் வைப்பதென்றால் குலிகுலி என்னும் நொறுக்குத்தீனிக்குத்தான் வைக்க வேண்டும்.

1976-இல் நைஜீரியா அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது ஆசிரியர்கள் போதவில்லை. இந்தியாவிலிருந்து கிளம்பிப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். நாங்கள் இருந்த ஸாரியா நகரில் பள்ளி விட்டதும் வாசலில் தட்டோடு நிற்கும் சிறுமியிடம் குலிகுலி வாங்காமல் நான் வீடு திரும்பியதில்லை. நிலக்கடலையில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சக்கைதான் அது. ஆம், பிண்ணாக்கு! அம்மா கண்டுபிடித்த அன்று வீட்டில் பெரிய ரகளை. "ஊரில் மாட்டுத் தொட்டியில் கரைக்கிறதை நீ காசு கொடுத்து வாங்கித் தின்கிறாயா?"

நம் ஊர்ச் செக்குப் பிண்ணாக்கை நினைத்துக்கொண்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாள் செய்வதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிறுவன் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். அப்பாவுக்கு அந்த முற்றத்தில் அனுமதி கிடையாது. கடலையை வறுத்து, தோலைத் தேய்த்துப் புடைத்து, விழுதாக அரைத்து, வெந்நீர் தெளித்துத் தெளித்துப் பிசைவார். விழுது மெல்ல எண்ணெய் கக்கும். கை ஓயப் பிழிந்தபின் சக்கையில் இஞ்சி, மிளகாய், உப்பு சேர்த்து, மெல்லிய குச்சிகளாகவும் வளையங்களாகவும் உருட்டி, அதே எண்ணெயில் பொரிப்பார். மீதி எண்ணெய் விற்பனைக்கு. முதல் கடியில் பல் பதியாது. கடைவாய்க்குத் தள்ளி நொறுக்கினால் வறுகடலை வாசம் எழும். இஞ்சிக் காரம் பின்னாலேயே வரும்.

மணமான பெண்கள் வெளியே போகாத ஹவுசா இன வீடுகள் அங்கே நிறைய. அதனால் வியாபாரம் நின்றுவிடவில்லை. தாய் உள்ளே செய்வார், மகள் தெருவில் விற்று வருவாள், வருமானம் தாயின் கையில். அந்தத் தட்டுச் சிறுமிகளில் பலர் பள்ளிக்கூடத்தின் உள்ளே வந்ததே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ருசியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயமாகாது.

பிரமிடுகளுக்கு வருவோம். 1911-இல் ரயில் கானோவை எட்டியபோது ஆங்கிலேயர் எதிர்பார்த்தது பருத்தியை. விவசாயிகள் விலையைப் பார்த்து நிலக்கடலையைப் போட்டார்கள். ஐரோப்பிய ஆலைகளுக்குப் போகவேண்டிய மூட்டைகள் ரயிலில் இடம் கிடைக்காமல் மலையாகக் குவிந்து கிடந்தன. நாம் ஏங்கிப் பார்க்கிற பிரமிடு அதுதான். 1970-களின் தொடக்கத்தில் வந்த வறட்சி, 1975-இல் பயிரைத் தாக்கிய ரோசெட் நோய், கச்சா எண்ணெய்ப் பணம் தந்த அலட்சியம் எல்லாம் சேர்ந்து அவற்றை முடித்துவைத்தன. நான் வளர்ந்தது அதற்குப் பிறகுதான். தட்டில் குலிகுலி ஒருநாளும் குறையவில்லை.

அம்மாவை மாற்றியது முருங்கைக்கீரை. அவித்த கீரையில் பொடித்த குலிகுலி, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்து உண்பது அங்கே வழக்கம். தேங்காய்க்குத் திண்டாடிய அம்மா ஒருநாள் பேசாமல் அந்தப் பொடியைப் பொரியலில் தூவினார். அப்புறம் மாட்டுத் தொட்டிப் பேச்சே எழவில்லை.

இப்போது லண்டன் ஆப்பிரிக்கக் கடைகளில்கூடப் பாக்கெட்டில் கிடைக்கிறது. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். பூசணம் பிடித்த கடலையை எண்ணெய்க்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, அஃப்லடாக்ஸின் நஞ்சு பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடும். காரி கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த குருணை அது. கிண்ணத்தில் அதைக் கலந்து சாப்பிடக் குளிர்ந்த தண்ணீரும் சர்க்கரையும் போதும். குலிகுலியைத் தனியாகக் கடித்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்துக்குள் போட்டு ஊறவைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.